காலி வண்டியின் விசில்

நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். அகரத்து அன்புமணி, லோடுமேன் செபஸ்தியானுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கூலிப்பாக்கி அவ்வளவுதான். அதைக் கொடுக்காமலே அவர் தன் பிக்கப் வண்டியை விற்றுவிட்டார். வாங்கிய சடையாண்டிக்கு அந்தப் பாக்கியும் தெரியாது, செபஸ்தியான் என்கிற பேரும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்.

வண்டி விசிலடித்தது.

டீசல் வண்டியில் இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கிற டர்போ விசிலடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. மிதிக்க மிதிக்க மெல்லிசாக ஒரு ஊளை ஏறும், காலை எடுத்தால் அடங்கும். இது அப்படியில்லை. ஏறாது, அடங்காது. விட்டுவிட்டு வரும். நீளமாக ஒன்று, அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி நீளமாக ஒன்று. அந்த இடைவெளியில் யாரோ மூச்சை இழுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும்.

ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வருகிறவரை வண்டி பசுமாடு மாதிரி வரும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் சத்தம். நாலுவழிச் சாலையில் ஏறிய செத்த நேரத்தில் ஆரம்பிக்கும். காந்திகிராமம் பிரிவு வந்ததும் கத்தரித்துவிட்ட மாதிரி நின்றுபோகும்.

கூட வந்த லோடுமேன்கள் இரண்டு பேரும் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். லோடு ஏற்றி இறக்குவார்களாம், காலி வண்டியின் பின்தொட்டியில் ஏறி வர மாட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பின்னாடி எடம் இல்லண்ணே."

காலி வண்டியில் இடம் இல்லையாம்.

ஆள் இல்லாவிட்டால் லோடு இல்லை. லோடு இல்லாவிட்டால் தவணை இல்லை. மூன்று மாதத் தவணை ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் ஒன்றாவது கட்டாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று பைனான்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மனைவி பழனியம்மாளின் காதுத்தோட்டை அடகு வைத்துப் புரட்டிய பணம் சட்டைப்பையில் இருந்தது. இருபது வருஷம் அடுத்தவன் மூட்டையைத் தூக்கி இடுப்பு ஒடிந்தபிறகு, தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் இந்த வண்டி. இது போனால் மறுபடி தூக்க அவனுக்கு இடுப்பு இல்லை.

பைபாஸ் ஓரத்தில் மெக்கானிக் பவுல்ராஜின் பட்டறை. சடையாண்டி வண்டியைக் கொண்டுவந்து அடியில் இறங்கிப் பார்க்கிற குழிக்கு மேல் நிறுத்தினான். வானம் மூடிக்கொண்டு, காற்றே இல்லாமல், புழுக்கம் கழுத்தைப் பிடித்தது.

"என்னப்பு, ஒன் கச்சேரி இன்னும் முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே பவுல்ராஜ் பானட்டைத் தூக்கினார்.

"சிரிக்காதீங்கண்ணே. சாயங்காலத்துக்குள்ள தவணை கட்டணும்."

அவர் முறையாகத்தான் பார்த்தார். காற்றுக் குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார், எங்கேயும் குமிழி வரவில்லை. நீளத் திருப்புளியின் முனையை டர்போவில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். இன்ஜினை அணைத்து, குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு விசிறியை ஆட்டிப் பார்த்தார்.

"ஆட்டம் இல்ல. ஒரசல் இல்ல. எண்ணெயும் கசியல. இது பழசே இல்லடா, புது டர்போ. ஒனக்கு விக்கிறதுக்கு முன்னாடி அன்புமணி மாத்தியிருக்கான்."

"நல்லா இருந்தா எதுக்குண்ணே மாத்தணும்?"

"அவனுக்கும் சத்தம் கேட்டிருக்கும். மாத்தியும் நிக்கல. ஒன் தலையில கட்டிட்டான்."

அதைச் சொல்லிவிட்டு, புகைக்குழாயைப் பார்க்க அவர் குழிக்குள் இறங்கினார். பட்டப்பகலிலும் அந்தக் குழி இருட்டு. பழைய ஆயிலும் ஈரமண்ணும் கலந்த வாடை மேலே வந்தது. சடையாண்டி முன்பக்கம் பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏலே, எறங்குடா. தொட்டியில எதுக்கு நடக்குற? மண்ணு கண்ணுல விழுகுது."

"நான் முன்னாடி நிக்கிறேண்ணே."



வண்டியின் பின்பக்க வில்பட்டைகள் க்ரீச் என்றன. மறுபடி க்ரீச். யாரோ ஒருத்தர் பின்கதவு வரைக்கும் நடந்துபோய், அங்கே உட்காருகிற மாதிரி.

பவுல்ராஜ் குழியிலிருந்து ஏறி வந்தபோது சிரிப்பு போயிருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்தார். மடித்துப்போட்ட தார்ப்பாயும் கொஞ்சம் தேங்காய் நாரும் தவிர ஒன்றுமில்லை. கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, கையைத் துடைத்தார்.

"முன்னாடி கேட்டுக் கேட்டுத்தான் ஏமாந்துட்டோம். சத்தம் எங்கிட்டிருந்து வருதுன்னு பின்னாடி ஒரு ஆள் இருந்து கேக்கணும். நான் ஓட்டுறேன். நீ தொட்டியில படுத்துக் காதக் குடு. ஏறிப் படுத்துட்டு ரெண்டு தட்டுத் தட்டு, கெளம்புறேன்."

லோடு வண்டிகளில் அதுதான் பாஷை. பின்னால் இருக்கிறவன் கேபின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினால் 'போலாம்'. விசிலடித்தால் 'நிறுத்து'. இது இரண்டு பேருக்கும் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் விசிலையே தேடிப் போகிறவர்களுக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

சடையாண்டி பின்கதவின் கொண்டிகளை மாட்டிவிட்டு ஏறினான். தார்ப்பாயை விரித்து, கேபின் பக்கம் தலைவைத்துப் படுத்தான். இரண்டு தட்டுத் தட்டினான். வண்டி கிளம்பியது.

நாலுவழிச் சாலையில் ஏறியதும் காற்று தொட்டிக்குள் சுழன்றது. வானம் இன்னும் கறுத்தது. தகரத்தோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டான். இன்ஜின் இரைச்சல். சக்கரத்தின் இரைச்சல். டர்போவின் மெல்லிய ஊளை, ஒழுங்காக, நல்லபடியாக.

அப்புறம் பீடி வாசனை வந்தது.

அவன் பீடி குடிப்பதில்லை. பவுல்ராஜும் குடிப்பதில்லை. கேபினின் கண்ணாடி மூடியிருந்தது.

விசில் ஆரம்பித்தது.

இன்ஜினிலிருந்து இல்லை. அவன் கால்மாட்டிலிருந்து.

தலையைத் தூக்கிப் பார்த்தான். பின்கதவின் இடப்பக்கக் கொண்டி தடதடவென்று ஆடி, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவன் எழுந்திருக்கும் முன்பே அது கழன்றது. பின்னாலேயே வலப்பக்கமும் கழன்றது. கதவு தடால் என்று கீழே விழுந்து தொங்கியது. அதற்கப்பால் ரோடு நாக்கு மாதிரி நீண்டு ஓடியது.

வண்டி வேகம் எடுத்தது. வழுவழுத் தகரத்தில் தார்ப்பாய் அவனோடு சேர்ந்து பின்னால் சறுக்கியது.

"அண்ணே! நிறுத்துங்கண்ணே!"

காற்று அந்தச் சத்தத்தை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. கூரையைத் தட்டக் கை எட்டவில்லை. பிடிக்க ஒரு கயிறு இல்லை. பழனியம்மாளின் மூளிக்காது ஒரு நொடி கண்முன் வந்துபோனது. அவன் இரண்டு விரலை வாயில் வைத்து, உயிரையெல்லாம் கூட்டி விசிலடித்தான்.

வண்டி இன்னும் வேகம் எடுத்தது.

மறுபடி அடித்தான். மூச்சை இழுத்தான். மறுபடி அடித்தான்.

நீளமாக ஒன்று. ஒரு இடைவெளி. நீளமாக ஒன்று.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே விசில் இப்போது அவன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கால்கள் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கின. செருப்பு ஒன்று கழன்று ரோட்டில் துள்ளி மறைந்தது. அவன் மூச்சு இழுக்கும் இடைவெளியில் விசில் நிற்கவில்லை. பக்கத்தில், தோளோடு தோளாக, இன்னொருவர் அடித்துக்கொண்டிருந்தார். பீடி நாற்றமடிக்கும் சூடான மூச்சு கன்னத்தில் பட்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி கிறீச்சிட்டு நின்றது. அவன் முன்பக்கமாக உருண்டுபோய்க் கேபினில் மோதினான்.

பவுல்ராஜ் இறங்கி ஓடிவந்தார். அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"சத்தம் நல்லாக் கேட்டுச்சுடா. டர்போதான், இன்னும் நல்லாக் கேக்கட்டும்னு மிதிச்சேன்... கண்ணாடியில பாத்தா..."

"என்னண்ணே?"

"காலத் தொங்கப்போட்டு ரெண்டு பேரு இருந்தீங்க."

நின்றிருந்த இடம் காந்திகிராமம் பிரிவு.

ரோட்டோரத்தில் உட்கார்ந்து, சடையாண்டி அன்புமணிக்குப் போன் போட்டான். சுற்றி வளைக்கவில்லை.

"ஒங்க வண்டியில பின்னாடி இருந்து விழுந்து செத்தது யாருங்கண்ணே?"

அந்தப் பக்கத்திலிருந்து அழுகிற குரல் வந்தது.

"செபஸ்தியான். என் லோடுமேன். கதவு கழண்டிருக்கு, அவன் விசிலடிச்சிருக்கான். எனக்குக் கேட்டுச்சுப்பா. நல்லாக் கேட்டுச்சு. டர்போன்னு நெனச்சு மிதிச்சிட்டேன்."

"வீடு எங்க?"

"அந்தப் பிரிவுலருந்து உள்ள போனா கோயிலுக்குப் பின்னாடி. அன்னைக்கு அங்கதான் எறங்கணும் அவன். கூலிப்பாக்கி நாலாயிரத்து அறுநூத்தம்பது நிக்குது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்த வாசல்ல போயி நிப்பேன்?"

போன் அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

சடையாண்டி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பவுல்ராஜுக்குப் புரிந்துவிட்டது.

"தவணைப் பணம்டா அது."

"வண்டி ஓடுனாத்தானண்ணே தவணை? இப்படியே போனா இன்னொருத்தன் சாவான். நானே செத்திருப்பேன்."

பவுல்ராஜ் சாவியை எடுத்து நீட்டினார். "கொறையிறத நான் பொரட்டித் தாரேன். வண்டிய எடு."

சின்ன ஓட்டுவீடு. வாசலில் மாதா படம். செபஸ்தியானின் மனைவி லூர்தம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். வந்தவர்களை அவள் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள். நிறம் மாற்றியிருந்தும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"அண்ணனோட கூலிப்பாக்கிம்மா. அன்புமணி குடுத்துவிட்டாரு" என்று பொய் சொல்லிப் பணத்தை நீட்டினான் சடையாண்டி.

அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கணக்குத் தீந்துருச்சுன்னு அன்புமணிகிட்டச் சொல்லிருங்க." பிறகு வண்டியைக் காட்டினாள். "அந்தக் கதவத் தெறந்து விடுங்க. வீடு வந்துருச்சுன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாமா?"

சடையாண்டி கொண்டிகளை எடுத்துக் கதவைக் கீழே இறக்கினான்.

அவள் கிட்டே வந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, மெல்லக் கூப்பிட்டாள். "எறங்கி வாங்க. சோறு ஆறுது."

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆடு கத்தியது. முதல் தூறல் தகரத்தில் விழுந்தது.

வில்பட்டை க்ரீச் என்றது. வண்டியின் பின்பக்கம் ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது.

லூர்தம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சடையாண்டி கொண்டிகளை மாட்டி, கம்பியால் முறுக்கிக் கட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தான். அவன் ஓட்ட, பவுல்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை கனத்தது. நாலுவழிச் சாலையில் ஏறினார்கள். மிதித்தான். டர்போ ஒழுங்காக ஏறியது. காலை எடுத்தான், அடங்கியது. வேறு ஒரு சத்தமும் இல்லை. சடையாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வண்டி இனி அவனுடையது.

பட்டறை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்பியது. வண்டியை நிறுத்தினான். லாரி போய்விட்டது. ரோடு காலியாகக் கிடந்தது. அவனுக்கு ஏனோ கிளம்பக் கை வரவில்லை. கேபினுக்குள் மெல்ல, ரொம்ப மெல்ல, பீடி வாசனை வந்துகொண்டிருந்தது.

பவுல்ராஜ் முன்னால் பார்த்தபடியே கிசுகிசுத்தார். "பாக்கி தீந்துருச்சுல்ல?"

"தீந்துருச்சுண்ணே."

அவர்கள் தலைக்கு நேர் மேலே, கூரையில், ஈரக் கை ஒன்று தட்டியது.

டப். டப். 'போலாம்'.