கண்ணில் படாத குதிரை

என் தம்பி துல்காவை யாராவது ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும் என்று அன்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை என் வகுப்புத் தெமூலனை ஜெயித்தால்தான் தர்ஹான் நகருக்குப் போகும் பள்ளி செஸ் அணியில் எனக்கு இடம். அதுவும் கடைசி இடம். நானோ ஒரு செஸ் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நகர்த்தலில் செக்மேட் வைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் விடுவிக்கும் புதிர். எனக்குப் பதினொன்று.

ராணியை வைத்துப் பார்த்தேன். தேரை வைத்துப் பார்த்தேன். வரவேயில்லை.

"அக்கா, குதிரைக்குப் பசிக்குது," என்றான் துல்கா.

"கையை எடுடா. சட்டையெல்லாம் பால் டீ."

"பாவம், எவ்ளோ நேரம் அங்கயே நிக்கும்? நான் ஓட்டிட்டுப் போறேன்."

வெள்ளைக் குதிரையைத் தூக்கி, டக்கு டக்கு என்று பலகை முழுவதும் ஓட்டினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிடுங்கப் போனபோது குதிரை கறுப்பு ராஜாவிடமிருந்து சற்றுத் தள்ளி ஒரு கட்டத்தில் நின்றது. என் கையும் நின்றது.

அதுதான் விடை.

வீட்டில் அப்பாவோடு நான் ஆடுவது செஸ் மாதிரியே இருக்கும் எங்கள் பழைய மங்கோலிய ஆட்டம். அதில் குதிரையை வைத்து ராஜாவைச் சாய்க்கக் கூடாது. செஸ்ஸில் அந்தத் தடை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? என் கண் குதிரைப் பக்கம் போனால்தானே? இதுவரை விடை தெரியாமல் விட்ட புதிர்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே குதிரை. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எந்தப் புதிரானாலும் முதலில் குதிரையை ஓட்டிப் பார்த்தேன். துல்கா பக்கத்தில் உட்கார்ந்து டக்கு டக்கு சொன்னான். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை தெமூலன் காய்ந்த தயிர்க்கட்டியை நறநறவென்று மென்றுகொண்டே ஆடினான். அவன் ராஜா மூலையில் சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

"தூங்கிட்டியா மரல்?" என்று என்னைச் சீண்டினான்.

மனதுக்குள் குதிரையை ஓட்டினேன். டக்கு டக்கு. பிறகு என் ராணியை அவன் ராஜாவை ஒட்டி வைத்தேன்.

"செக்."

ராஜாவால் அதை வெட்ட முடியாது. என் குதிரை காவல் இருந்தது. அதனால் தேரால் வெட்டினான்.

"ராணியைச் சும்மா குடுத்துட்டியே. பரவால்ல, தர்ஹான்லேருந்து உனக்கு மிட்டாய் வாங்கிட்டு வரேன்."

அந்தத் தேர், ராஜாவுக்கு மிச்சமிருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொண்டு நின்றது. குதிரையைத் தாவவிட்டேன்.

"செக்மேட்."

"ஏய், குதிரை கொல்லக் கூடாது."

"அது உங்க வீட்டு ஆட்டத்துல," என்றேன். "எங்க வீட்லயும்தான்."

மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பலகையையே பார்த்தான். பிறகு தயிர்க்கட்டிப் பையை என் பக்கம் நீட்டினான். ஒன்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே துல்கா வழிமறித்தான்.

"என் குதிரை ஜெயிச்சுதா?"

"ஜெயிச்சது நான்டா."

"ஓட்டினது யாரு?"

"சரி, உன் குதிரைதான். வழி விடு."

"அப்போ அதுக்குப் புல் போடு."

வெளியே எங்கு பார்த்தாலும் பனி. புல்லுக்கு நான் எங்கே போவது? தெமூலன் கொடுத்த தயிர்க்கட்டியைக் குதிரைக்கு முன்னால் வைத்தேன்.

துல்கா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் பசிக்குதாம்," என்றான்.