417-ஆம் பேட்ச்சின் இரண்டு கட்டங்கள்

1999 நவம்பர் 25, வியாழன். காலை 11.20.

வாங்குபவர் அனுப்பிய ஆய்வாளர் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்தார். உறையின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதப் பட்டை வெள்ளையாக இருந்தது. நீராவிக்குள் போய் வந்திருந்தால் அது கறுத்திருக்க வேண்டும். இன்னொரு பெட்டியைத் திறந்தார். அதிலும் வெள்ளை. அறுபது பெட்டிகளின் மேலும் 'கிருமி நீக்கப்பட்டது' என்ற சீட்டு ஒட்டியிருந்தது. எல்லாம் 417-ஆம் பேட்ச்.

ராஜபாளையத்து ஆலையில் எல்லாருடைய கண்ணும் அமிர்தவல்லியின் பக்கம் திரும்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள் அவள். ஆலையின் பதிவேடுகளை பிரவுசரில் திறக்கும் பக்கங்களாக மாற்றியவளும் அவள்தான். அந்தப் பக்கங்களுக்குப் பொதுவாக ஒரு ஸ்கிரிப்ட் நூலகம், அதாவது நிரல்களின் தொகுப்பு ஒன்று, எழுதியிருந்தாள். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்துப் பெட்டியையும் டிக் கட்டத்தையும் படிக்க அதில் இரண்டு வழிகள். பக்கத்தை எழுதும்போதே அதில் என்ன எழுதப்பட்டது என்று சொல்வது ஒன்று. திரையில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்று சொல்வது மற்றொன்று. ஒவ்வொரு பதிவிலும் இரண்டையும் அடுத்தடுத்த கட்டங்களில் சேமித்தாள். ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு என்று கேட்காத ஆள் ஆலையில் இல்லை.

11.45. முதலாளி சங்கரலிங்கத்தின் அறை. மேசையில் தட்டச்சு செய்த கடிதம்: 'மென்பொருள் நூலகத்தின் கோளாறால் தவறான சீட்டு அச்சாகிவிட்டது.'

"கையெழுத்துப் போடும்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்குறவருக்கு ஃபேக்ஸ் போகணும்."

"போடலேன்னா?"

"நாளையில இருந்து வர வேண்டாம்."

அருகில் டெஸ்பாட்ச் மேனேஜர் சுந்தரபாண்டியன் நின்றிருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு வாரம் ஆகிறது. ஆலையே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டது.

"காலையில வந்ததும் சொன்னேன்ல," என்றார் அவர். "ரெண்டு கட்டத்தையும் ஒண்ணாக்கு, பழசையும் அழிச்சிருன்னு. கேட்டியா?"

"அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல மொதலாளி," என்றாள் அமிர்தவல்லி. கடிதத்தைத் தொடாமல் வெளியே வந்தாள்.

12.10. நீராவி அறை. ஞானராஜ் இருபது வருடமாக அந்தக் கொதிகலனோடு மல்லுக்கட்டுகிறவர். ஒரு பேட்ச் நீராவிக்குள் போய் வந்ததும் அவர் பக்கத்தில் டிக் போட்டுச் சேமித்தால்தான் 'கிருமி நீக்கப்பட்டது' சீட்டு அச்சாகும்.

"அண்ணாச்சி, நேத்து 417-க்கு டிக் போட்டியளா?"

"ஆவியே இல்ல, எங்க போட? ரெண்டரைக்கு பிரஷர் எறங்கிட்டு. பேட்ச் உள்ள போகவே இல்ல."

"பக்கத்தைத் திறந்தியளா?"

"மூணு அஞ்சுக்கு. எடையைப் பதியணும்ல. எப்பவும் போல மொதல்ல 'துடை' பொத்தானை அமுக்குனேன். முந்தின ஆளு வச்சுட்டுப் போன அழுக்கு நமக்கு எதுக்கு? எடையைப் போட்டுச் சேமிச்சுட்டு பாய்லரைப் பாக்க ஓடிட்டேன்."

"டிக் கட்டத்தைப் பாத்தியளா?"

"அது அடியில கெடக்கு. அம்புட்டு தூரம் உருட்டிப் பாக்க யாருக்கு நேரம்? துடைச்சாச்சு, பொறவு என்ன?"

அமிர்தவல்லி சிரிக்கவில்லை. அவர் சொன்னதை மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

12.40. கம்ப்யூட்டர் அறை வாசல். பக்கங்களின் கோப்புகள் இருக்கும் இயந்திரம் அந்த ஒற்றை ஏசி அறைக்குள்தான். தூசி ஆகாது என்பதால் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். சாவி டைம் ஆபீஸ் ஆணியில் தொங்கும், யாரும் எடுக்கலாம். நேற்று மதியம் அவள் அரை நாள் விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள்.

அன்னத்தாய் நடையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து மதியம் உள்ள யாரும் போனாவளா?"

"ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் இங்கனதான் இருந்தேன் தாயி. ஒத்தச் செருப்பு கெடக்கல. செருப்பு இல்லேன்னா ஆளும் இல்லதான?"

"கதவு?"

"ஒருக்களிச்சுக் கெடந்துச்சு. உள்ள ஏசி ஓடுச்சு. நீதான் அணைக்காமப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"நான் பூட்டிட்டுல்லா போனேன்," என்றாள் அமிர்தவல்லி.

உள்ளே போய் நேற்றைய பதிவுகளைத் திறந்தாள். மூன்று வரிகளை அச்செடுத்தாள்.

மாலை 4.30. முதலாளி அறையில் எல்லாரும் இருந்தார்கள்.

"டிக் போட்டது என் நூலகம் இல்ல. ஞானராஜ் அண்ணாச்சியும் இல்ல," என்றாள் அமிர்தவல்லி.

"பொறவு பேயா?" என்றார் சுந்தரபாண்டியன்.

அவள் தாளை மேசையில் விரித்தாள்.

"பஸ் போர்டுல ஸ்ரீவில்லிபுத்தூர்னு எழுதியிருக்கும். பஸ் இப்ப வன்னியம்பட்டி விலக்குல நிக்கும். ரெண்டும் உண்மை, ஆனா ரெண்டும் வேற வேற. பஸ் நகருததால போர்டு மாறாது. அதே மாதிரி, மவுஸால டிக் போட்டா இப்ப இருக்குறது மட்டும்தான் மாறும். பக்கத்துல எழுதுனது மாறாது. 416-ஐப் பாருங்க, மதியம் ஒண்ணரை. எழுதுனது காலி, இருக்குறது டிக். ஆளு கையால போட்டது. 418, பாய்லர் சரியான பொறவு, அஞ்சு மணி. அதுவும் அப்படியே. 417, மூணு அஞ்சு. எழுதுனதுலயே டிக் இருக்கு."

சங்கரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்படின்னா?"

"யாரோ கோப்பைத் திறந்து பக்கத்தையே டிக்கோட எழுதியிருக்காவ. வேலை முடிஞ்சதும் பழையபடி மாத்திட்டாவ. அண்ணாச்சி அமுக்குன 'துடை' கட்டத்தைக் காலியாக்காது. பக்கத்துல எழுதுனது எதுவோ அதுக்குத் திருப்பும். நேத்து எழுதுனதே டிக். அவர் துடைக்கத் துடைக்க டிக்தான் வரும். மவுஸால போட்டிருந்தா துடைச்சதும் போயிருக்கும், அதான் கோப்பையே மாத்தியிருக்காவ."

ஞானராஜ் தலையில் கை வைத்தார்.

"கோப்பு கம்ப்யூட்டர் ரூம்லதான் இருக்கு. கதவு தெறந்து கெடந்தது, ஏசி ஓடுனது, வெளிய செருப்பு இல்ல. அதனால ஆளே இல்லைன்னு அன்னத்தாய் அக்கா நெனச்சாவ. செருப்பு போடாம நடக்குற ஆளு இந்த ஆலையில இப்ப ஒருத்தர்தான்."

யாரும் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"மாலை போட்டவன் மேலயா பழி போடுத?"

"உங்க விரதத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல சாமி. எனக்கும் அதுல மரியாதை உண்டு. பெட்டியைத் திறந்தது பதினொண்ணு இருபதுக்கு. அதுக்கு முன்னாடியே, வந்ததும் வராததுமா, பழைய கட்டங்களை அழிக்கச் சொன்னியளே. எதுக்கு?"

சுந்தரபாண்டியன் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"லாரி நேத்தே தூத்துக்குடிக்குப் போயிருக்கணும்," என்றார். "பாய்லர் படுத்துட்டு. கப்பல் நமக்காகக் காத்துக்கெடக்குமா? ஒரு பேட்ச்தானேன்னு..."

"அந்த ஒரு பேட்ச்சைத்தான் யாரோ ஒருத்தன் புண்ணுல வச்சுக் கட்டுவாவ," என்றார் ஞானராஜ்.

சங்கரலிங்கம் எழுந்து ஜன்னல் வரை போனார். திரும்பி வரும்போது குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா அமிர்தம். சரக்கு வெளிய போகல. சாமியை நான் பாத்துக்கிடுதேன். ஆனா எங்க ஆளு வேணும்னே பண்ணாருன்னு எழுதுனா இந்த ஆலையை எவன் நம்புவான்? மென்பொருள் கோளாறுன்னே இருக்கட்டும். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"பொய்யை எழுதிட்டு அந்த வேலையை வச்சு நான் என்ன செய்ய மொதலாளி? நாளைக்கு எவனாவது இதே மாதிரி செஞ்சா, கோளாறுதான்னு சொல்லி ஒதுக்கிருவாவ."

தட்டச்சுக் கடிதத்தை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். தான் கையால் எழுதிக் கொண்டுவந்த தாளை அந்த இடத்தில் வைத்தாள். நான்கே வரி: 417 நீராவிக்குள் போகவில்லை, பக்கத்தைத் திருத்தியது ஆலையைச் சேர்ந்த ஒருவர், அறுபது பெட்டிகளும் அனுப்பாமல் நிறுத்தப்பட்டன, பதிவின் நகல் இணைப்பில்.

"இதை அனுப்புங்க. இல்ல, என்னை அனுப்புங்க."

4.55. சங்கரலிங்கம் நான்கு வரிகளையும் இரண்டு முறை படித்தார். சுந்தரபாண்டியனைப் பார்க்காமலே பேனாவுக்குக் கை நீட்டினார். ஆலையின் முத்திரைக்கு மேல் தன் பெயரை முழுதாக எழுதினார்.