நகராத பச்சைக் கோடு

இந்தத் தடவையும் அதே வீடியோவில்தான் நின்றது. பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு நகல் ஏறுவதைக் காட்டி, கம்ப்யூட்டர் திரையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு, முக்கால்வாசி தாண்டியதும் அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேசைமேல் கிடந்த பழைய டிஸ்க் மட்டும், சாத்திய கதவை யாரோ உள்ளேயிருந்து நகத்தால் சுரண்டுவதுபோல, விட்டுவிட்டுச் சத்தம் போட்டது.

ஆபீஸில் இப்படி எத்தனையோ டிஸ்க்குகளைச் சிரித்துக்கொண்டே குப்பைக்கு அனுப்பியவன் அவன். இங்கே சிரிப்பு வரவில்லை. இது அண்ணன் மகளின் அறை. பாப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியும் கட்டில் விரிப்பைக்கூட யாரும் மாற்றவில்லை; மருந்து வாசனை இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நடை பழகியது, கத்திரிக்கோலால் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டது, சித்தப்பாவைக் குதிரையாக்கி ஏறியது எல்லாம் இந்த டிஸ்க்கில்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை.

கட்டில் ஓரத்தில் அண்ணி கண்கொட்டாமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் வந்துடுமா தம்பி?"

"வந்துடும் அண்ணி. இந்த ஒண்ணுதான் உயிர வாங்குது. இத விட்டுட்டா மத்ததெல்லாம் தப்பிச்சிடும்."

"ஒண்ணயும் விடாதப்பா. எனக்கு இருக்கிறதே இவ்வளவுதான்."

அவன் கேபிளை மாற்றினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், சூட்டைத் தணிக்க ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வைத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்கால வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போல ஜன்னலில் தேங்கி நின்றது. கோடு ஓடியது, அதே இடத்தில் நின்றது.

அப்போதுதான் அந்த வீடியோவின் அளவைக் கவனித்தான். முதலில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். இன்னும் பெரிதாகியிருந்தது.

கெட்டுப்போகிற டிஸ்க்கில் இருப்பது தொலையும். இல்லாதது சேராது.

தேதியைப் பார்த்தான். இன்றைய தேதி.

நகல் நின்றது டிஸ்க் கெட்டதால் அல்ல. வீடியோ இன்னும் முடியவில்லை. யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாகக் கிடக்கிற டிஸ்க்கில் எதையும் திறந்து பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன், திறந்தான்.

இதே அறை. இதே விரிப்பு. இதே மழைச் சத்தம். கட்டில் நடுவில் பாப்பா, கன்னத்தில் தலையணைத் தழும்போடு.

"அம்மா, வா."

அண்ணி எழுந்தாள்.

"பாக்காதீங்க அண்ணி. வேணாம்." கேபிளைப் பிடித்தான். பிடுங்கினால் மிச்சமிருக்கிற அத்தனையும் போய்விடும். பிடுங்காவிட்டால்?

அண்ணி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "உன் கால்ல வேணாலும் விழறேன். பிடுங்காத."

அவனால் முடியவில்லை.

"அம்மா, வா."

மணிக்கட்டில் பிடி தளர்ந்தது. பிறகு பிடியே இல்லை.

திரையில் ஒரு புடவை முந்தானை. ஒரு தோள். அண்ணி பாப்பாவின் பக்கத்தில், கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

சுரண்டல் சத்தம் நின்றது. பச்சைக் கோடு நகர்ந்தது. நிறைந்தது. எல்லாம் நகலாகிவிட்டது.

அவன் திரும்பினான். கட்டில் காலி. கதவு சாத்தியபடியே இருந்தது.

வெளியே குடையை உதறும் சத்தம் கேட்டது. அண்ணன் ஆபீஸிலிருந்து வந்துவிட்டான்.

"என்னடா, முடிஞ்சுதா? உங்க அண்ணி எங்க?"

அந்தக் குரல் திரைக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். பாப்பா முகம் மலர்ந்து, கட்டிலில் இன்னொரு ஆளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்த அண்ணியின் கை பாதியில் நின்று, துள்ளி, புறப்பட்ட இடத்துக்கே போனது. மறுபடி கோதியது. மறுபடி துள்ளியது. கண் மட்டும் அவனையே பார்த்தது.

"தம்பி, என்னைய வெளிய... தம்பி, என்னைய வெளிய... தம்பி, என்னைய வெளிய..."

கதவின் கைப்பிடி திரும்பியது.