ஐந்து பேரில் ஒருவர்

காலையில் லிஃப்டில் கோகிலாவைப் பார்த்தேன். "சேலை ரொம்ப நல்லாருக்குங்கக்கா" என்றாள். அவள் மணிக்கட்டில் இருந்த மெய்வளை கிர்ரென்று கத்தியது. "சுமாரா இருக்குங்கக்கா" என்று திருத்தினாள். வளை அடங்கியது. இருவரும் சிரித்துவிட்டோம். நாடித்துடிப்பைப் படித்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் இந்த வளையை எல்லாருக்கும் மாட்டி ஆறு வருஷமாகிறது. எங்கள் சிங்காநல்லூர் அடுக்ககத்தின் நாற்பது மாடியிலும் இதுதான் காலைச் சங்கீதம்.

அவள் இடுப்பிலிருந்த இரண்டு வயது யாழினி என்னிடம் தாவினாள். கோகிலா வேலை முடிந்து வரும்வரை குழந்தை எங்கள் வீட்டில்தான் இருக்கும். எங்கள் வீடென்றால் நானும் என் மனைவி தாரணியும். சட்டப்படி பதிவு செய்த கல்யாணம். கல்யாண விருந்து சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் இதே கட்டடத்துக்காரர்கள்.

அன்று மாலை எங்கள் மனு விசாரணைக்கு வந்தது. அரசு இல்லத்தில் வளரும் மூன்று வயது மேகலாவைத் தத்தெடுக்கக் கேட்டிருந்தோம். சட்டம் தடுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஐந்து பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். ஒருவர் 'ஆமாம்' என்றால் போதும். தாரணி குட்டித் தட்டும் டம்ளரும் வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பொய்யே சொல்ல முடியாத ஊரில் எங்களுக்கென்ன பயம்?

குடியிருப்போர் சங்கக் கூடத்தில் அதிகாரி கேட்டார்: "செண்பகம், தாரணி, இவங்க ரெண்டு பேருகிட்ட ஒரு குழந்தை நல்லா வளருமா?"

"வளராதுங்க" என்றார் சங்கத் தலைவர் ராக்கியண்ணன். கிர்ர்! அவர் பேரனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததே தாரணிதான். வளை கத்தாமல் என்ன செய்யும்?

"எங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, பாக்கறவங்க பேசுவாங்கன்னுதான்..." என்று சமாளித்தார் தலைவர். கிர்ர்!

"அந்தப் புள்ளையோட நல்லதுக்குத்தானுங்க..." என்று ஆரம்பித்தார் இரண்டாவது சாட்சி. கிர்ர்ர்!

"நாங்க அக்கா தங்கச்சின்னுல்லங்க நெனச்சோம்!" என்றார் மூன்றாம் மாடி சரோஜா. கல்யாணத்தில் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால்? அவர் வளை போட்ட சத்தத்தில் கீழே நாய் குரைத்தது.

அதற்குள் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர், நாலாவது சாட்சி, பக்கத்தில் சாய்ந்து, எல்லார் காதிலும் விழும்படி ஓதினார்: "எதுக்கு வாயக் குடுக்கறீங்க? சும்மா இருந்தா வளை கத்தாது."

அவ்வளவுதான். எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "மேடம், தலைவரு வளராதுன்னது பொய்யின்னு உங்க காதுலயும் விழுந்துச்சே! அப்ப வளரும்னுதானே அர்த்தம்?"

"பொய்ய சாட்சியா எடுத்துக்க விதியில்லீங்க. யாராச்சும் வாயால சொல்லணும்."

ஐந்தாவது ஆள் கோகிலா. தாரணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. கோகிலா தலைவரைப் பார்த்தாள், சரோஜாவைப் பார்த்தாள், பிறகு தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். அதிகாரி மூன்று முறை கேட்டார். பிறகு, சாட்சி கிடைக்கவில்லை என்று எழுதி மனுவை முடித்தார். ஆளாளுக்கு எழுந்து நாற்காலிகளை அடுக்கினார்கள். எங்கள் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. வெட்கங்கெட்டவர்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் கோகிலா, இடுப்பில் யாழினி, தோளில் பால்புட்டிப் பை.

"ஆறு மணிக்கெல்லாம் வந்துருவேனுங்கக்கா."

வாசலை மறித்து நின்றேன். "நேத்து ஒரு வார்த்த சொல்ல வாய் வரல. இன்னைக்குப் புள்ளையக் கொண்டாந்து விட மட்டும் கால் வருதா?"

அவள் கண் கலங்கியது. "நானும் இந்தக் கட்டடத்துல குடியிருக்கோணுமல்லங்கக்கா. உங்களையும் தாரணியக்காவையும் விட்டா எம்புள்ளைய வேற யாரு இத்தன நல்லா வளப்பாங்க?"

எங்கள் இரண்டு பேர் பார்வையும் அவள் மணிக்கட்டுக்குப் போனது. வளை மூச்சுக்கூட விடவில்லை.

"இதத்தான அம்மிணி நேத்து கேட்டாங்க?" என்றேன்.

கோகிலா மறுபடி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். என் பின்னாலிருந்து தாரணி வந்து யாழினியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.