நாலு கறுப்புச் சக்கரங்கள்

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ஃபைஹா ஆசையாய் வரவழைத்த பனிக்கால சக்கரங்கள் அவள் காரில் உட்காரவே மாட்டேன் என்றன. அவளுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பக்கம் பெரிய பிரேக்காம். பதினேழு இன்ச் ரிம் அதன்மேல் போய் முட்டுகிறதாம். பதினெட்டு இன்ச் வேண்டுமாம். கடையிலிருந்த கடைசி பதினெட்டு செட் அன்று காலையில்தான் விற்றுப் போயிருந்தது. அடுத்தது வர மூன்று வாரம்.

மூன்று வாரமா? அடுத்த வாரமே பனி விழும் என்கிறார்களே...

வெளியே நவம்பர் மழை கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. ஃபைஹாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நியூ ஜெர்சி டயர் கடையில் யாருக்குத் தமிழ் புரியப் போகிறது என்ற தைரியத்தில் வாய்விட்டே திட்டினாள்.

"எந்த வெளங்காதவனோ வாட்ஸாப் குரூப்ல, 'அதே கார்தான் என்கிட்டயும் இருக்கு, கண்ணை மூடிட்டு பதினேழு போடுங்க'ன்னு சொன்னான். அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..."

"கெடைச்சா... என்ன பண்ணுவீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்து நாற்காலியில் காபிக் கோப்பையோடு ஒருவன். நெற்றியில் ஈர முடி. சிரிப்பை அடக்கப் பார்க்கும் கண்கள்... அடக்கத் தெரியாத கண்கள்.

"நீங்க... தமிழா?"

"ராயப்பேட்டை. பேரு ஷாரிக்." எழுந்து நின்றான். "அந்த வெளங்காதவனும் நான்தாங்க."

ஃபைஹாவுக்குக் காது வரை சூடேறியது. மன்னிப்புக் கேட்கலாமா, மிச்சத்தையும் திட்டித் தீர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"பிரேக் பெருசா சின்னதான்னு கேக்காம எப்படிங்க அட்வைஸ் பண்ணீங்க?"

"தப்புதான். என் கார்ல சின்ன பிரேக். எல்லார் கார்லயும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்." கவுண்ட்டரைப் பார்த்தான். அங்கே பளபளவென்று நாலு கறுப்புச் சக்கரங்கள் அடுக்கியிருந்தன. "அந்த கடைசி பதினெட்டு செட் நான் வாங்கினதுதான். சும்மா லுக்குக்காக. நீங்க எடுத்துக்கங்க. உங்க பதினேழு என் கார்ல அழகா உக்காந்துக்கும்."

"வேணாம். தெரியாதவங்ககிட்ட நான் எதுவும் வாங்க மாட்டேன்."

"இவ்வளவு திட்டிட்டீங்க... இன்னுமா தெரியாதவன்?"

அவளையும் மீறி உதடு நெளிந்தது. சட்டென்று மழைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

சொல்ல முடியாது. அந்தப் பயம் அவளுக்குத்தான் தெரியும்.

போன ஜனவரி. அவள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் ஸ்கடர்ஸ் மில் ரோடு சிக்னல். காரோடு வந்த டயர் கோடைக்கு மட்டுமானது, குளிரில் இறுகிப்போய் வழுக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? திருச்சியில் டயருக்கு ஏது பருவம்? சிவப்பு விளக்குக்கு பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. வட்டமாய்ச் சுற்றியது. ஜன்னல் நிறைய ஒரு லாரியின் வெளிச்சம் வந்தது... யா அல்லாஹ்! லாரி எப்படியோ ஒதுங்கிப் போனது. கார் புல்தரையில் ஏறி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து பனி என்று யாராவது சொன்னாலே அவள் உள்ளங்கை வேர்த்துவிடும்.

அவள் வேலை மருந்து ஆய்வுக்கூடத்தில். வீட்டிலிருந்து பார்க்கிற வேலை இல்லை. போன குளிர்காலத்தில் பனி விழுந்த நாளெல்லாம் லீவு போட்டாள். விஷயம் கலிஃபோர்னியாவின் டப்ளின் நகரில் இருக்கும் அண்ணன் இனாயத்துல்லாவின் காதுக்குப் போனது. "பனியே விழாத ஊரு, இங்க வந்துடும்மா. இந்த வின்ட்டர்ல பயந்துகிட்டு ஒரு நாள் லீவு போட்டாலும் டிக்கெட் போட்டுடுவேன்" என்று கறாராய்ச் சொல்லிவிட்டார். அவளும் ஒப்புக்கொண்டுவிட்டாள். தானே தேடிய வேலை, தன் கையில் ஒரு வீட்டுச் சாவி... எல்லாமே இந்தக் குளிர்காலத்தை நம்பி நின்றன.

கறுப்புச் சக்கரங்கள் சிவப்புக் காரில் ஏறின. அவளுடைய பதினேழு அவன் நீலக் காரில் ஏறியது.

"டயர் மட்டும் போதாதுங்க" என்றான் கிளம்பும்போது. "முதல் பனி விழட்டும். காலி பார்க்கிங் லாட்ல வேணும்னே சறுக்க விட்டு பழகணும். நான் சொல்லித் தர்றேன்."

"உங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியுமா?"

"பின்ன?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் மளிகைக் கடைக்குப் போனால் அவனும் அங்கே இருப்பான். பக்கத்திலேயே டீ. "என் சக்கரம் நல்லா இருக்கா?" என்று அவன் கேட்பான். "அது என் சக்கரம்" என்று அவள் சண்டை பிடிப்பாள். அவன் சிரித்தால் கண்தான் முதலில் சிரிக்கும். வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டும்போதும் அந்தக் கண்கள் கூடவே வந்து நிற்கும்... என்ன இது, அரிசி கீழே சிந்துகிறதே!

சொன்ன வாரத்தில் வராத முதல் பனி டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. ஃபைஹா சாவியோடு கீழே இறங்கிக் காத்திருந்தாள். அவன் வரவில்லை. 'ஆபீஸ் வேலை வந்துடுச்சு, சாரிங்க' என்று ஒரு வரி வந்தது. அதன்பின் வந்த பனியும் விடுமுறை நாட்களில்தான் விழுந்தது. அடுத்ததற்கும் அதே வரி. மூன்றாவது தடவை அவள் கேட்கவே இல்லை. கேட்டுக் கேட்டு நிற்க நான் என்ன பிச்சைக்காரியா என்று ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை டீயும் நின்றது. ராத்திரி தலையணை மட்டும் நனைந்தது.

ஜனவரியில் அந்தப் பெரிய பனி வந்தது. விடியும் முன்பே ஊர் வெள்ளையாகிவிட்டது. ஃபைஹா சாவியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். லாரியின் வெளிச்சம் கண்ணுக்குள் வந்து நின்றது. போனை எடுத்து லீவு சொன்னாள்.

மாலையில் அண்ணன் கூப்பிட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"சரி, அழாத. டிக்கெட் போட்டுடவா?"

"போடுங்கண்ணே."

போனை வைத்தாள். போவதற்குமுன் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு ஆறாது. ஷாரிக்குக்கு எழுதினாள்.

'நான் கலிஃபோர்னியா போறேன். உங்க சக்கரத்தை வந்து எடுத்துக்கங்க.'

உடனே பதில் வந்தது. 'எப்ப? ஏன்? நேர்ல பேசணும், ப்ளீஸ்.'

'அப்ப வாங்க.'

சிறிது நேரம் கழித்து, 'பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல இருக்கேன். ட்ரெய்ன்ல வந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆச்சு.'

'கார்?'

'இங்கதான் நிக்குது. பனிக்கு முன்னாடி நேத்து விட்டுட்டு ட்ரெய்ன் ஏறினேன்.'

'அப்புறம் என்ன?'

எழுதுகிறான்... நிறுத்துகிறான்... மறுபடி எழுதுகிறான்.

'ஓட்ட பயமா இருக்கு, ஃபைஹா. நான் பனியே இல்லாத ஹூஸ்டன்ல இருந்து போன ஜூன்லதான் இங்க வந்தேன். பனியில ஒரு நாள்கூட கார் ஓட்டினதில்ல. எல்லாம் வீடியோ பாத்து சொன்னதுதான்.'

அடப்பாவி! அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண் நிறைந்தது. அவன் வராததற்கு இதுவா காரணம்? குளிரில் அவன் தனியாக நிற்கும் கோலம் மனதில் வந்ததும் கை தானாகச் சாவியை எடுத்துவிட்டது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபிறகுதான் எங்கே போகிறோம் என்பதே உறைத்தது. ஸ்கடர்ஸ் மில் ரோடு... அதே சிக்னல். கண்ணாடித் துடைப்பான் பனியைத் தள்ளத் தள்ள அது மறுபடி வந்து மூடியது. கார் ஊர்ந்தது. தெரிந்த துஆவெல்லாம் உதட்டில் வந்தது. விளக்கு சிவப்பானது.

மெல்ல பிரேக்கை அழுத்தினாள். மிதி காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. போச்சு... போச்சு! கண்ணை மூடிவிடப் பார்த்தாள். ஆனால் புது டயர் பனியைக் கடித்துப் பிடித்தது. கார் நேராகவே போய்க் கோட்டுக்கு முன்னால் நின்றது. ஃபைஹா மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். விளக்கு பச்சையாகி நேரமாகியிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் தோளெல்லாம் பனியாக ஷாரிக் நின்றிருந்தான். சிவப்புக் காரைக் கண்டதும் அவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஓடிவந்து கதவைத் திறந்தான்.

"பைத்தியமா உங்களுக்கு? இந்தப் பனியில ஏன் வந்தீங்க? வழியில ஏதாவது ஆயிருந்தா..."

"உக்காருங்க முதல்ல. கதவ மூடுங்க, குளுருது."

உட்கார்ந்தான். பற்கள் கிடுகிடுத்தன. அவளைப் பார்க்காமலே பேசினான்.

"முதல்ல பனிக்கு பயம். அப்புறம், பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா நீங்க சிரிப்பீங்களோன்னு பயம். இப்ப நீங்க போயிடுவீங்கன்னு பயம். மத்ததெல்லாம் தாங்கிடுவேன், இதை மட்டும் முடியாது. போகாதீங்க... உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."

ஃபைஹா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அவன்முன் நீட்டினாள். விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பாருங்க. காலையில வேலைக்குப் போகக்கூட இந்தக் கை சாவியை எடுத்துட்டு மறுபடி வச்சுடுச்சு. நீங்க நிக்கிறீங்கன்னதும் எடுத்துடுச்சு. இதுக்கு மேல நான் வேற தனியா சொல்லணுமா?"

"சொன்னா... கேட்டுக்குவேன்."

"பிடிச்சிருக்கு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது. நீட்டிய கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான்.

"டிக்கெட்?"

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். இன்னைக்கு நான் எந்த ரோட்டுல வண்டி ஓட்டிட்டு வந்தேன்னு சொன்னா நம்பவே மாட்டார்." கையை மெல்ல விடுவித்து கியரைப் போட்டாள். "பெல்ட் போட்டுக்கங்க. திரும்பிப் போறப்பவும் அந்த சிக்னலைத் தாண்டணும். எனக்கு பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்" என்றான் ஷாரிக், பெல்ட்டை இழுத்து மாட்டியபடியே.