கழற்றி வைத்த கதவுகள்

படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறை வானொலியின் சத்தம் மங்கியது. யாரோ ஒலியைக் குறைத்தது போல இல்லை. கூர்மை மட்டும் போய், செய்தி வாசிப்பவரின் சொற்கள் உருவிழந்து, சுவருக்கு அப்பால் யாரோ முனகுவது போலக் கேட்டது. அல்முட் கையிலிருந்த துண்டோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் சொற்கள் மறுபடி தெளிந்தன. நாளை காலை பனி, சாலையில் கவனம்.

நடுவில் யாரோ ஒரு கதவைச் சாத்தித் திறந்தது போல இருந்தது. ஆனால் அந்த வீட்டின் உள்ளே கதவே கிடையாது.

இருந்த நான்கையும் குடிவந்த அன்றே அவள் கழற்றிவிட்டாள். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து வீடுகளில் அது பெரிய காரியமில்லை. பாதி திறந்து, அடியில் கைகொடுத்துத் தூக்கினால் கதவு கீலிலிருந்து வந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்கள் இடம் போதாமல் ஒன்றிரண்டை நிலவறையில் கொண்டுபோய் வைப்பார்கள், காலி செய்யும்போது மாட்டிக் கொடுப்பார்கள். நான்கையும் கழற்றுகிறவர்கள் இல்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் லோபெக்தான் மறுமுனையைப் பிடித்து மூன்று மாடி இறங்கினார், வழியெல்லாம் பேசிக்கொண்டே.

"கழிப்பறைக் கதவையுமா?"

"அதைத்தான் முதல்ல."

"விருந்தாளி வந்தா உள்ள இருக்கிறவரைக்கும் பாட்டுப் பாடணும் போல."

"எனக்கு விருந்தாளி வர்றதில்ல."

"நல்லாப் போச்சு. மேல் விளிம்புல எந்த அறைன்னு பென்சிலால எழுதிடுங்கம்மா. போன வருஷம் ஒருத்தன் எழுதாம வெச்சுட்டு, காலி பண்ற அன்னிக்கு எதை எங்க மாட்டுறதுன்னு தெரியாம ராத்திரி வரைக்கும் அழுதுக்கிட்டிருந்தான்."

அவள் எழுதினாள். சமையல். படுக்கை. குளியல். கூடம்.

பத்தொன்பது வருடம் அவள் ரைனரோடு வாழ்ந்தாள். ரைனர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அவள் எதிர்த்துப் பேசினால் அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவான், அவ்வளவுதான். சாத்திவிட்டு வேலைக்குப் போவான். ஒருமுறை ஒன்றரை நாள். மன்னிப்புக் கேட்டால் திறப்பான். ஒவ்வொரு முறையும் அவள் கேட்டாள். ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு பெட்டியோடு வெளியேறி, டிராம் ஓட்டும் சம்பளத்தில் இந்த வீட்டைப் பிடித்தாள். இனி எந்தக் கதவுக்குப் பின்னாலும் இருப்பதில்லை. அதைத் தவிர அவளிடம் வேறு திட்டம் எதுவுமில்லை.

டிசம்பரில் அவளுக்குக் காலை முறை வேலை. மூன்று மணிக்கு வீடு திரும்புவாள், நான்கரைக்கு இருட்டிவிடும்.

அன்று அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ஆவி மேலெழுந்து, கூரையில் பரவி, விளக்கைச் சுற்றி, வழக்கம்போல நடைவழிக்குப் போகாமல், வாசல் நிலைக்கு வந்ததும் கண்ணாடியில் பட்டதுபோல நின்று தட்டையாக மேலும் கீழும் வழிந்தது. அதன் பின்னால் நடைவழி விளக்கு எரிந்தது. ஆனால் சமையலறைத் தரையில் எப்போதும் விழும் வெளிச்சக் கீற்று இல்லை. காற்று கனத்தது. பழைய எண்ணெய்ச் சாயத்தின் வாசம் வந்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நேராக நடந்தாள். நிலையைத் தாண்டும்போது நெற்றியில் ஏதோ பட்டது. குளிர்ந்த, வழுவழுப்பான ஒன்று. தள்ளினாள். அது விட்டுக்கொடுத்தது. உடனே அல்ல.

மறுநாள் நான்கு நிலைகளிலும் ஒவ்வொரு நாற்காலி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது நான்கும் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன. பலகைத் தரையில் நாற்காலிக் கால்கள் கீறிய தடம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கால் வட்டம். கதவு சுழலும் அளவு.

"என் வீடு இது," என்றாள் சத்தமாக. நாற்காலிகளைத் திரும்ப இழுத்து வைத்தாள்.

பிறகு கீழே போய் லோபெக்கின் மணியை அடித்தாள்.

"நிலவறையில என் கதவை யாராவது தொட்டாங்களா?"

"இந்தக் குளிர்ல யாரு கீழ போவா? எலியே மேல வந்துடுச்சு." அவள் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

நிலவறையில் கரியும் ஈரச் செங்கல்லும் மணந்தன. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மரச்சட்டத்தால் அடைத்த ஒரு கூண்டு. லோபெக் குனிந்து, பெட்டிகளுக்குப் பின்னால் துழாவி, விளக்கைப் போட்டார். அவளுடைய கூண்டில் நான்கு கதவுகள் செங்கல் சுவரில் சாய்ந்து நின்றன, பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்தியபடி. வைத்தது வைத்தபடி. அவள் முதல் விரிப்பை விலக்கினாள்.

சாவித் துளையில் வெளிச்சம் தெரிந்தது.

"சுவர்ல ஓட்டை இருக்கும்," என்றார் லோபெக்.

"குனிஞ்சு பாருங்க."

"எனக்கு இடுப்பு வளையாதும்மா."

அவள் மண்டியிட்டாள். கண்ணை வைத்தாள். கதவுக்குப் பின்னால் செங்கல்தான் இருந்தது. அதை விரலால் தொடவும் முடிந்தது. துளைக்குள் அவளுடைய நடைவழி தெரிந்தது. கொக்கியில் அவள் கோட்டு. விளக்கு. எல்லாம் சிறியதாக, தெளிவாக. நாற்காலிகள் மறுபடி ஓரமாக நின்றன.

பிறகு இருட்டு.

விளக்கு அணையவில்லை. அந்தப் பக்கம் யாரோ குனிந்திருந்தார்கள்.

மூச்சின் சூடு அவள் இமையில் பட்டது. கண்ணை எடுக்கவில்லை. பத்து எண்ணினாள். இருபது. அந்தப் பக்கம்தான் முதலில் விலகியது.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். லோபெக் படிக்கட்டுப் பக்கம் இரண்டடி போயிருந்தார்.

"மாட்டிடலாம்மா," என்றார். "இப்பவே. நான் தூக்குறேன். மாட்டிட்டா கதவு கதவா இருக்கும். திறக்கலாம், மூடலாம்."

"மூடவும் செய்யுமே."

"அப்ப எரிச்சுடுவோம். பின்கட்டுல வெச்சு."

"என்னுதில்ல. வீட்டுக்காரருது. காலி பண்றப்ப திருப்பிக் கொடுக்கணும்."

"இந்த நேரத்துலயும் சட்டமா! நீங்க கல்லறையிலயும் சீட்டு வாங்கிட்டுத்தான் படுப்பீங்க."

"கழட்டி வைக்க எனக்கு உரிமை இருக்கு. வெச்சிருக்கேன். மாட்ட மாட்டேன்."

"சரி, இன்னிக்கு எங்க வீட்டுல படுங்க. என் பொண்டாட்டி பட்டாணி சூப் வெச்சிருக்கா. உங்கள மாதிரிதான், சொன்னா கேக்கமாட்டா. பேச்சுத்துணைக்கு ஆகும்."

"நான் போனா அது சாத்திக்கும். அப்புறம் அது என் வீடில்ல."

லோபெக் மூன்றாம் மாடி வரை கூட வந்தார். வெளிக்கதவில் நின்றுகொண்டார். "கூப்பிடுங்க," என்றார். "கூப்பிட்டா வருவேன்." அவர் குரலில் வருகிறவரின் உறுதி இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மணி ஐந்துகூட ஆகவில்லை. தெருவில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் எல்லா விளக்குகளையும் போட்டாள். வானொலியை முழுச் சத்தத்தில் வைத்தாள். நாற்காலிகளை அடுக்கி ஒதுக்கினாள். சமையலறை வாசலின் குறுக்கே தரையில் உட்கார்ந்தாள். இடுப்புக்கு மேல் சமையலறைக்குள். கால்கள் நடைவழியில் நீண்டிருந்தன. நாற்காலியைத் தள்ளலாம். ஆளைத் தள்ள முடியுமா பார்க்கலாம்.

காத்திருந்தாள்.

குளியலறை. டக். உள்ளே எரிந்த விளக்கின் ஒளி நடைவழியில் விழுந்துகொண்டிருந்தது, அது மறைந்தது.

படுக்கையறை. டக்.

கூடம். டக்.

நடைவழி குறுகியது போலிருந்தது. சாய வாசம். அவள் முழங்காலின் மேல் கிடந்த வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மெலிந்தது. ஒரு கை அகலம். ஒரு விரல்.

"சாத்து," என்றாள். "என் மேல சாத்து."

வலிக்கவில்லை. இடுப்பைச் சுற்றி ஈர வார் இறுகியது போல ஒரு குளிர். ஒரு அழுத்தம். டக்.

மூக்குக்கு முன்னால் வெள்ளைச் சாயம். கதவு. இப்போது தெரிந்தது. தொட்டாள், தட்டினாள், கெட்டி மரம். கீழே பார்த்தாள். அவள் வயிறு வரை இருந்தாள். அதற்கப்பால் கதவுதான் இருந்தது.

கால்கள் இருந்தன. அந்தப் பக்கம். தரையின் சில்லிப்பு குதிகாலில் தெரிந்தது. விரல்களை அசைத்தாள். அசைந்தன.

வானொலி நின்றிருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

இடது காலில் ஏதோ ஊர்ந்தது. காலணியின் கயிற்றைப் பிரித்தார்கள். அவசரமில்லாமல். பிறகு வலது. காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலுறை. நுனியைப் பிடித்து மெதுவாக, தூங்குகிற ஒருவருக்குச் செய்வதுபோல.

நின்றது. அந்தப் பக்கம் காத்திருந்தது. என்ன கேட்கக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். பத்தொன்பது வருடம் சொன்ன சொல்.

"சொல்ல மாட்டேன்."

உதைத்தாள். குதிகால் மெத்தென்ற எதிலோ பட்டது. மூச்சு வாங்கும் சத்தம்.

அப்புறம் கணுக்கால்களைப் பிடித்தன. இரண்டு கைகள். பிறகு முழங்காலுக்கு மேலே இன்னும் இரண்டு. பிறகு இன்னும். இழுத்தன. கதவு அவள் விலாவுக்கு ஏறியது.

அல்முட் நிலைச்சட்டத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டு மறுபடி உதைத்தாள்.