வாய்த்தூக்கு

காலையில் என் வீட்டுக்காரர் சபரீஷ் சட்டைப் பொத்தான் போடும்போது, நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். இல்லாவிட்டால் இந்தக் கைகள் சும்மா இருக்காது. பக்கவாதம் வந்த வலது கையால் அவர் ஒரு பொத்தானைப் பிடிப்பார், அது நழுவும், மறுபடி பிடிப்பார். எனக்கு உயிர் போய் உயிர் வரும். 'குடுங்க இப்படி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிடும். சொல்ல மாட்டேன். அவர் மணிக்கட்டில் சார்புமானி மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும்.

திருப்பூருக்கு வெளியே இருக்கும் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் உதவி வாங்குகிறவர்கள்தான். பனியன் கம்பெனி வேலையெல்லாம் தானியங்கிகளிடம் போனபின் அரசு எங்களுக்கு வீடு கொடுத்தது, மருந்து கொடுத்தது, மாதச் செலவுக்கும் கொடுத்தது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பிறகுதான் மேலே யாருக்கோ ஒரு கவலை வந்தது, கொடுத்துக் கொடுத்து ஜனங்களை ஒன்றுக்கும் ஆகாதவர்களாக ஆக்குகிறோமோ என்று. அந்தக் கவலை சார்புமானியாக எங்கள் எல்லோர் மணிக்கட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு மனிதக் கை உங்களைத் தாங்கினால், ஒரு பொத்தான் போட்டுவிட்டால்கூட, மானி உணர்ந்துவிடும். பச்சை மெல்ல மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். ஏறியது இறங்காது. சிவப்பு என்றால் 'முழுச்சார்பு' என்று அர்த்தம். பராமரிப்பு மையத்து வண்டி வந்து அழைத்துப்போய்விடும். அங்கே சாப்பாடு, படுக்கை எல்லாம் நன்றாகத்தான் இருக்குமாம். போனவர் ஒருவராவது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. யாராவது விழுந்தால் எல்லோரும் ஓடிப்போய் ஒரு கை தூரம் விட்டு நிற்போம். ஒருவர் நாற்காலியைத் தள்ளிக் கொடுப்பார், நாற்காலி மனிதர் இல்லையே. மற்றவர்கள் வாயாலேயே தூக்குவோம். 'முழங்காலை மடக்குங்க, அவசரமில்லை, அப்படித்தான்.' இதற்கு வாய்த்தூக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருமுறை ஊரிலிருந்து வந்த என் தங்கை மகள் இதைப் பார்த்துவிட்டு எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் காப்பிகூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

சபரீஷ் மட்டும் ஒருநாள் இந்த வழக்கத்தை மறந்துவிட்டார். பக்கத்து வீட்டு தீக்ஷா அக்கா படியில் சறுக்கியபோது, நல்ல கையால் எட்டிப் பிடித்துவிட்டார். இரண்டு பேருடைய மானியும் சிவப்பின் விளிம்புவரை ஏறிவிட்டது. நான் சண்டை போட்டு தற்சார்பு அலுவலரை வீட்டுக்கே வரவழைத்தேன்.

"அவரை யாரும் தாங்கலீங்க. அவருதான் அக்காவைத் தாங்கினாரு," என்றேன்.

அந்தப் பெண் நல்லவள்தான். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "மானிக்கு இன்னொரு கை பட்டு இழுக்கறது மட்டும்தாங்கம்மா தெரியும். யாரு யாரைத் தாங்கறாங்கன்னு தெரியாது. உதவி வாங்கறவர்தான் தாங்கப்படுவாருன்னு வச்சு நிரல் எழுதியிருக்காங்க."

"ஏங்கண்ணு, உதவி வாங்கறவன் யாருக்கும் உதவவே மாட்டானா?" என்று சபரீஷ் கேட்டார்.

"அதுக்கு அதுல இடம் வைக்கலீங்க. இன்னொரு தடவை பட்டுச்சுன்னா சிவப்புதான். பாத்து இருந்துக்குங்க."

அன்றிலிருந்து நடுவில் தலையணை வைத்துப் படுத்தோம். தூக்கத்தில் அவர் கை என்மேல் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது? தலையணை விலகியிருக்கிறதா என்று பாதித் தூக்கத்தில் தடவித் தடவிப் பார்ப்பேன்.

சித்திரை மாதம், உச்சி வெயில். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள், துணிக்கொடிக் கம்பத்தின் அடியில் கால் இடறி விழுந்தேன். இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. தரை தோசைக்கல் மாதிரி கொதித்தது. தீக்ஷா அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். நாற்காலியைத் தள்ளினாள், குடையைப் பிடித்தாள், ஈரத்துணியை எறிந்தாள். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டாள்.

"மோனிஷா, மெல்ல முழங்காலை மடக்கு."

"முடியலீங்க அக்கா."

"முடியும் சாமி. நாற்காலியைப் பிடி." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மானியும் விளிம்பில்தான் இருந்தது, அவளைக் குறை சொல்ல மாட்டேன். இன்னும் நாலைந்து பேர் வந்து கை தூரத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை அன்பான குரல்கள். என் முதுகு வெந்துகொண்டிருந்தது.

அப்போது படியில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. எனக்கு இடுப்பு வலி மறந்துபோனது. சபரீஷ் சுவரைப் பிடித்து, ஒருத்தர் துணையும் இல்லாமல் மூன்று மாடி ஏறி வந்திருந்தார். சட்டையில் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"கிட்ட வராதீங்க," என்றேன்.

"கையக் குடு மோனி."

"வேண்டாமுங்க. ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்குது." நான் கையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவர் நாற்காலியைப் பிடித்துக் குனிந்தார். "நீ என்னைத் தூக்காம நின்னப்ப எல்லாம் எனக்குக் கோபமே இல்ல. எனக்காகத்தான் நின்னே. இன்னைக்கு நான் தூக்காம நின்னா அது எனக்காகத்தானே? அது என்னால ஆகாது."

நல்ல கையை என் தோளுக்கு அடியில் கொடுத்தார். கோணல் கையும் வந்து என் முழங்கையைப் பிடித்தது. எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அவர் மானி சிவந்தது, என்னுடையது மஞ்சளோடு நின்றது. கனிவான ஒரு குரல் அவர் மானிக்குள்ளிருந்து பேசியது: "உங்களுக்குத் துணை தேவைப்படுவதை அறிந்தோம். வாகனம் புறப்பட்டுவிட்டது."

சிவப்பான பிறகு தொட்டால் அவருக்கு ஒன்றும் ஏறாது, என்னுடையது ஏறினால் ஏறட்டும். அதனால் நான் அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன். பிறகு இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அவருடைய வண்டி வந்துவிட்டது.

வந்த இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "நானே இறங்குவனுங்க," என்றார் அவர்.

"பரவாயில்லீங்கய்யா, இனிமே நீங்க சிரமப்பட வேண்டியதில்ல," என்று சொல்லி அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.